மகேஸ்வரியின் ஆய்வுக்கூடமும் என் மஞ்சள் விரல்களும்

அந்தப் பொங்கலன்று எங்கள் சாப்பாட்டு மேசையில் சியூ லிங் உட்கார்ந்திருந்த விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தோம். கரண்டி வேண்டாம், கையாலேயே சாப்பிடுகிறேன் என்று ஆசையாகச் சொன்ன பெண், ஒரு வாய் எடுத்ததும் கையை உதறினாள். கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிளாஸ்டர். சூடான நெய் அதற்குள் இறங்கிவிட்டது.

"என்னம்மா விரல்ல?" என்று மலாயில் கேட்டேன்.

"தேய்ச்சுத் தேய்ச்சுக் கொப்புளம், அங்கிள்."

எதிரே என் மனைவி மகேஸ்வரி நிமிரவில்லை. அப்பளத்தை ஒன்றுக்கு நாலாக நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

சியூ லிங் மகேஸ்வரியின் மாணவி. என் மனைவி பல்கலைக்கழகத்தில் இரசாயன விரிவுரையாளர். அவளிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள் இந்தப் பெண். மூன்று வருடமாக ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் வீட்டுக்கு வருவாள். சிரித்துக்கொண்டேதான் வருவாள்.

அன்றைக்குச் சிரிக்கவில்லை. நெய்யைத் துடைத்துக்கொண்டே, "டாக்டர், பாரத்தை எழுதிட்டேன். லீவு முடிஞ்சதும் கையெழுத்துப் போட்டுத் தாங்க லா" என்றாள்.

படிப்பை விட்டுவிட்டுப் போகிறதற்கான விண்ணப்பப் பாரம் அது.

"சாப்பிடும்போது எதுக்கு அந்தப் பேச்சு?" என்றாள் மகேஸ்வரி. வெளியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கொப்புளத்துக்குக் காரணம் நான். மேசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அது தெரியாது.

எந்தக் கிளினிக்?

பாக்டரி பஸ் ஓட்டிய கதைகளை முன் வாரங்களில் இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, பாலோ என்ற ஊரிலிருந்து ஒரு வாசகி, "உங்கள் மனைவி டாக்டர் என்கிறீர்களே, எந்தக் கிளினிக்?" என்று கேட்டு எழுதியிருந்தார். என் பஸ்ஸில் வருகிறவர்களும் அப்படித்தான். "அண்ணே, வீட்டுல டாக்டரை வச்சுக்கிட்டு நீங்க ஏன் எங்ககிட்ட பெனடோல் மாத்திரை கேக்குறீங்க?" என்று கிண்டல் செய்வார்கள்.

அவள் மருந்து டாக்டர் இல்லை. மின்சாரத்தையும் இரசாயனத்தையும் சேர்த்து வைத்து வேலை வாங்குகிற டாக்டர்.

செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவள் அப்பா பால்மரம் வெட்டினவர். வாளியில் இருக்கும் ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றினதும் அது கட்டியாகிவிடும் இல்லையா, ஏன் அப்படி ஆகிறது என்று ஆறு வயதில் கேட்டாளாம். "ஊத்தினா கட்டியாவும், அவ்வளவுதான், போய் விளையாடு" என்றாராம் அப்பா. இன்னும் அந்தப் பதிலில் அவளுக்குத் திருப்தி இல்லை.

பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் அவள் லேப் உதவியாளராக இருந்தபோது என் பஸ்ஸில்தான் வருவாள். மாசாயில் ஏறி, எனக்குப் பின்னாலேயே முதல் சீட்டில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறப்பாள். இறங்கும் இடம் வந்ததுகூடத் தெரியாது. "தங்கச்சி, பாக்டரி வந்திருச்சு" என்று தினமும் நான்தான் சொல்வேன். கல்யாணம் ஆன பிறகும் அந்தத் "தங்கச்சி"யைச் சொல்லி என் அக்காமார்கள் ஓட்டாத நாள் இல்லை.

நான் படித்தது மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, வரைதான். அவள் கல்யாணத்துக்குப் பிறகு பட்டம் எடுத்தாள், அதற்குப் பிறகு இன்னொன்று, அதற்குப் பிறகு டாக்டர். நான் பஸ் ஓட்டினேன், மகளுக்குச் சடை பின்னினேன், இரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். "உன் பொஞ்சாதி படிச்சா உனக்கு என்னடா லாபம்?" என்று கேட்டவர்கள் உண்டு. முருகன் சந்நிதியில் நின்று நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: இவள் ஆசைப்பட்டதை முடிக்கட்டும்.

கத்தரிக்காய் நிறத் தூள்

அவள் ஆராய்ச்சி செய்கிற பொருளுக்குப் போர்பிரின் என்று பெயர். எனக்குப் புரியவைக்க அவள் பஸ் ஸ்டியரிங்கைக் காட்டினாள்.

"இந்த வளையம் இருக்குல்ல? இதுல நாலு கம்பி நடுவுக்கு வருதுன்னு வச்சுக்குங்க. நாலும் சேர்ந்து நடுவுல ஒரே ஒரு உலோகத்தைப் புடிச்சிருக்கும். நடுவுல இரும்பு இருந்தா நம்ம ரத்தம். மெக்னீசியம் இருந்தா இலையோட பச்சை."

"ரெண்டும் ஒண்ணுதானா?"

"ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வளையம்தாங்க."

அன்றைக்குச் சாயங்காலம் கோயிலில் வில்வத்தைக் கையில் வாங்கியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் கைக்குள் ஓடுகிறதும் கையில் இருக்கிறதும் ஏறக்குறைய ஒரே சக்கரம் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்?

மகேஸ்வரி அந்த நடுவில் கோபால்ட்டை வைப்பாள். ஹைட்ரஜனையும் காற்றில் உள்ள ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கிற பெட்டி ஒன்று இருக்கிறது. புகைக்குப் பதிலாகத் தண்ணீர்தான் வெளியே வரும். அதற்குள் ஆக்சிஜனை வேலை செய்யவைக்கப் பிளாட்டினம் வேண்டும். நகைக்கடைக்காரர் பூட்டி வைக்கிற பொருள். அந்த வேலையைச் சாதாரண உலோகத்தை வைத்துச் செய்ய முடியுமா என்பதுதான் இவள் கேள்வி. "ஒரு நாள் உங்க பஸ் டீசல் இல்லாம ஓடும், பாருங்க" என்பாள்.

ஆனால் அந்த வளையம் ஆசிட்டில் சீக்கிரம் செத்துப்போகும். காலையில் நன்றாக வேலை செய்வது மத்தியானம் படுத்துவிடும். ஏன் படுக்கிறது என்று கண்டுபிடிக்க அவள் செலவழித்த வருடங்களை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அந்தப் பொருளைக் காய்ச்சுகிற நாளில் புளித்த வாடை ஒன்று அவள் முடியில் ஏறிவிடும், சோப்புக்கும் ஷாம்புவுக்கும் மசியாது. காய்ச்சினால் முதலில் தார் மாதிரிக் கறுப்பாகத்தான் வரும். அதை வடிகட்டிக் கழுவி, மறுபடி வடிகட்டினால் அடியில் கொஞ்சம் மிஞ்சும். ஒரு தடவை கண்ணாடிக் குப்பியில் கொண்டுவந்து காட்டினாள். கத்தரிக்காய்த் தோல் நிறத்தில், வெளிச்சத்தில் திருப்பினால் மின்னுகிற தூள். இரண்டு சிட்டிகை இருக்கும். ஒரு வாரத்து வேலை.

வெற்றி என்று வீட்டுக்கு வந்து சொன்ன நாட்களை என் கை விரலில் எண்ணிவிடலாம். மற்ற நாளெல்லாம், "இன்னிக்கு வரலைங்க. நாளைக்கு வேற மாதிரி பார்க்கணும்" என்பாள். சொல்லிவிட்டு நன்றாகச் சாப்பிடுவாள். அந்தச் சாப்பாட்டைப் பார்த்துத்தான் எனக்கு அவள்மேல் மதிப்பு வந்தது. நான் பஸ் பழுதாகி ஒரு நாள் நின்றாலே சோறு இறங்காத ஆள்.

பெட்டிக்கு மட்டும் பொட்டு

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை பெரிதாக நடக்கும். பஸ்ஸைக் கழுவி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடிக்கு மாலை, ஸ்டியரிங்குக்குச் சந்தனம், எஞ்சின் மூடியைத் திறந்து எஞ்சினுக்கும் ஒரு குங்குமம். மகளின் கம்ப்யூட்டர், என் ஸ்பேனர்கள், மிக்சி, ஒன்றையும் விடமாட்டேன்.

மகேஸ்வரி ஏதாவது ஒரு புத்தகம் வைப்பாள். அந்தப் பொங்கலுக்கு முந்தின ஆயுத பூஜைக்கு நான்தான் நச்சரித்தேன். "நீ வேலை செய்யிற சாமான் எதையாச்சும் கொண்டாயேன். புத்தகம் எல்லா வீட்லயும்தான் வைக்கிறாங்க."

ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்தாள். சாமி மேடையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "பொட்டு பெட்டிக்கு மட்டும். திறக்கக் கூடாது, என்னங்க? உள்ள இருக்கிறது புதுசு, நாளைக்கே வேலைக்கு எடுக்கணும்."

சரி என்று தலையாட்டினேன். அவள் குளிக்கப் போனாள். நான் மஞ்சள் பிள்ளையார் பிடித்துக்கொண்டிருந்தேன். பெட்டியைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு சமாதானமும் இல்லை. பஸ் நிற்கிற கொட்டகைக்குப் பொட்டு வைத்துவிட்டு பஸ்ஸை விட்டுவிடுவோமா? உள்ளே இருக்கிறதற்கு அல்லவா அம்மன் அருள் வேண்டும்?

திறந்தேன்.

பேனா நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குச்சி. அதன் நுனியில் பட்டாணி அளவுக்குக் கண்ணாடி போலப் பளபளவென்று கறுப்பு வட்டம். கார்பன். பக்கத்தில் ஒரு கண்ணாடித் தகட்டில் ஒட்டிய வட்டமான பழுப்புத் துணி, வெல்வெட் மாதிரி. குச்சியை எடுத்து அம்மன் காலடியில் வைத்து, துளி விபூதி தொட்டு வைத்தேன். எடுத்துப் பார்த்தால் கறுப்பு வட்டத்தில் என் மஞ்சள் விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

பயந்துபோனேன். துடைக்க என்ன இருக்கிறது என்று பார்த்தேன். துணிதான் பக்கத்திலேயே இருக்கிறதே! அதில் வைத்து நாலு சுற்றுத் தேய்த்தேன். கறுப்பு மறுபடி பளபளவென்று வந்துவிட்டது. பழுப்புத் துணியில் மஞ்சள் கண்ணுக்குத் தெரியவில்லை. நன்றி தாயே என்று பெட்டியை மூடி, மூடிமேல் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன்.

குளித்துவிட்டு வந்தவள், "நல்லா இருக்கே" என்றாள்.

ஒரு மேடு

அதற்குப் பிறகு ஒரு நாள் சாயங்காலம், செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தாள்.

"என்னங்க! ஒரு மேடு வந்திருக்கு!"

அவள் வேலை இப்படி: குச்சி நுனியில் அந்தத் தூளைப் பூசி ஆசிட்டில் நிறுத்தி, மின்சாரத்தை ஏற்றி இறக்குவாள். திரையில் ஒரு கோடு வரும். வளையம் எந்த இடத்தில் மாறுகிறதோ அங்கே கோடு மேடு கட்டும். இதுவரை யாரும் மேடு பார்க்காத இடத்தில் இவளுக்கு ஒன்று வந்திருக்கிறது. கோபால்ட் சாவதற்கு முன்னால் எடுக்கிற ஒரு புது நிலையாக அது இருக்கலாம். அதைப் பிடித்துவிட்டால், எப்படிச் சாகிறது என்ற பல வருடக் கேள்விக்குப் பதில்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியுமே! பெட்டியைத் திறந்து வைத்த விபூதி வீணாகவில்லை. அவளிடம் சொல்லவில்லை, திட்டுவாள். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் சரஸ்வதிக்கு வெள்ளைத் தாமரை வாங்கிச் சாத்தினேன்.

கட்டுரை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினாள். சிங்கப்பூரில் ஒரு கூட்டத்தில் பேச அழைப்பு வந்தது. இந்த மேட்டைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஒரு தொல்லைதான். சியூ லிங் செய்தால் மேடு வரவில்லை.

"நீ சரியாத் தேய்க்கல" என்றிருக்கிறாள் மகேஸ்வரி. ஒவ்வொரு தடவையும் பூசுவதற்கு முன்னால் குச்சியைத் துணியில் தேய்த்துக் கண்ணாடியாக்க வேண்டும். அந்தத் தேய்ப்பில்தான் கைத்திறமை. அந்தப் பெண் தேய்த்தாள். வரவில்லை. இன்னும் தேய்த்தாள். வாரக்கணக்கில், பிறகு மாதக்கணக்கில். டாக்டர் கைக்கு வருகிறது, என் கைக்கு வரவில்லை, நான் இதற்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

இப்போது பொங்கலுக்குத் திரும்புகிறேன்.

பாத்திரம் கழுவும் இடத்தில்

சாப்பிட்டு முடித்ததும் சியூ லிங் குசினிக்கு வந்து, வேண்டாம் என்றாலும் கேட்காமல் பாத்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். மகேஸ்வரி முன்னால் விருந்தாளிகளோடு இருந்தாள்.

"அங்கிள், டாக்டர் மேல எனக்குக் கோபம் இல்லை. எல்லாம் ஒண்ணுதான். ஒரே தூள், ஒரே ஆசிட், ஒரே காஸ். குச்சியைக்கூட மாத்திப் பார்த்தாச்சு. டாக்டருக்கு வருது, எனக்கு வரல."

"எல்லாமே ஒண்ணா?"

"துணி மட்டும் வேற. ஒருத்தர் துணியை ஒருத்தர் தொடக் கூடாது, அழுக்கு ஒட்டிக்கும், அது எங்க லேப் சட்டம். டாக்டரோட துணி அந்தப் பொட்டு வச்ச பெட்டியில இருக்கு. அதை யாரும் தொடமாட்டோம்."

என் கையில் மஞ்சள் கறை பிடித்த சாம்பார் கரண்டி இருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை. அதைப் பார்த்தேன். குழாயை மூட மறந்துவிட்டேன்.

"அங்கிள், தண்ணி வழியுது."

வாய் வராத ஒரு வாரம்

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க விரதம் இருந்தேன். ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, பொய் பேசக் கூடாது. நான் பொய் பேசவில்லை. வாயைத் திறக்கவே இல்லை.

ஒரு பக்கம் அவள் ஆசையாகச் சிங்கப்பூர்ப் பேச்சுக்குப் படங்கள் தயார் செய்கிறாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பார்க்கிறாள். இன்னொரு பக்கம் அந்தப் பெண்ணின் பாரம் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. பஸ் ஓட்டும்போதெல்லாம் அந்தப் பிளாஸ்டர் விரல்தான் கண்ணுக்கு முன்னால். தெரியாத விஷயத்தை நானாக எதற்குச் சொல்லிக் குழப்ப வேண்டும் என்றும் நினைத்தேன். மஞ்சள் மங்கலப் பொருள் ஆயிற்றே, அது கெடுக்குமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சாமியிடம் கேட்டேன். சாமி பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நான் அல்லவா?

சனிக்கிழமை காலை. அவள் விரதச் சமையலுக்குப் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மகேஸ், அந்தப் பெட்டியை நான் தொறந்தேன்."

"எந்தப் பெட்டி?"

"சரஸ்வதி பூஜைக்குக் கொண்டாந்தியே."

"சரி, அதுக்கென்ன இப்போ?" நறுக்குவது நிற்கவில்லை.

"மஞ்சள் புள்ளையார் புடிச்ச கையோட."

கத்தி நின்றது.

"என்னத்தைத் தொட்டீங்க?"

"அந்தக் குச்சியை. நுனியில மஞ்சள் ஒட்டிக்கிச்சு. உடனே தொடச்சிட்டேன்."

"எதுல?"

"பக்கத்துல துணி இருந்துச்சுல்ல."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அலமாக், கடவுளே" என்றாள், மெதுவாக. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏங்க சொல்லல?"

"நீ அவ்வளவு சந்தோஷமா வந்தியா... அம்மன் குடுத்ததுன்னு நெனச்சேன்."

பாதி நறுக்கின காயை அப்படியே விட்டு எழுந்தாள். "சட்டையை மாட்டுங்க. லேப்புக்குப் போறோம். அந்த மஞ்சள் டின்னையும் எடுத்துக்குங்க."

கோட்டின்மேல் கோடு

லேப்பில் நான் ஒரு ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எதையும் தொடவில்லை.

முதலில், தூள் எதுவும் பூசாமல் வெறும் குச்சியைத் தன் துணியில் தேய்த்து ஆசிட்டில் இறக்கினாள். கோடு ஊர்ந்து வந்தது. மேடு வந்தது. போர்பிரின் இல்லை, கோபால்ட் இல்லை, ஆனால் மேடு இருக்கிறது.

புதுத் துணி பிரித்தாள். தேய்த்தாள். கோடு தரை மாதிரிச் சமமாகப் போனது.

கடைசியில் என் டின்னிலிருந்து ஒரு சிட்டிகை மஞ்சளை ஆல்கஹாலில் கலக்கி, அதில் ஒரு சொட்டைக் குச்சியில் விட்டாள். மேடு. பழைய கோட்டின்மேல் புதுக்கோடு வந்து படுத்துக்கொண்டது.

"மஞ்சள் தண்ணியில கரையாதுங்க. துணியிலயே உக்காந்திருக்கு. சுத்தமா இருக்கணும்னு ஒவ்வொரு தடவையும் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்க நானே பூசியிருக்கேன்."

"என்மேல சொல்லிரு. என் வீட்டுக்காரர் படிக்காதவர், கைய வச்சுக் கெடுத்துட்டார்னு சொல்லு" என்றேன்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். "வெறும் குச்சியை ஒரே ஒரு தடவை அன்னிக்கே ஓட்டிப் பார்த்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். சியூ லிங் எப்பவோ ஓட்டினது இருக்கு, அது போதும்னு விட்டுட்டேன். மஞ்சள் உங்களோடது. பார்க்காம விட்டது என்னோடது."

அப்போது நான் ஒன்று சொன்னேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் விரதத்தில் சொன்னதை மறைக்கக் கூடாது. "அந்தத் துணியைத் தூக்கிக் குப்பையில போட்டுடேன். மேடு அதுக்கப்புறம் வரலைன்னு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியும்?"

என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு விரலுக்குத் தெரியும்ல."

உடனே சியூ லிங்குக்குப் போன் போட்டாள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே இரண்டு கடிதம் எழுதினாள். ஒன்று பத்திரிகைக்கு, கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று. இன்னொன்று சிங்கப்பூருக்கு, நான் பேசவிருந்தது தப்பு, காரணம் இன்னது என்று. அவர்கள் அந்தத் தப்பையே வந்து பேசுங்கள் என்றார்கள். நான்தான் கார் ஓட்டிக்கொண்டு போனேன். சிங்கப்பூருக்குப் போகிற பாலத்தில் வழக்கமான நெரிசல். திரையில் மஞ்சள் டின்னின் படம் வந்தபோது மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவளும் கூடச் சிரித்துவிட்டு, தான் செய்யாமல் விட்ட சோதனையை ஒன்று விடாமல் சொன்னாள். இங்கிலீஷ் எனக்கு அரைகுறை. ஆனாலும் யார்மேலும் அவள் விரல் நீட்டவில்லை என்பது தெரிந்தது. பல வருடக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

சனிக்கிழமை மத்தியானம்

சியூ லிங் மோட்டார் சைக்கிளில் வந்தாள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி கதவருகிலேயே நின்றாள். பாரத்தில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டதாக நினைத்திருப்பாள்.

மகேஸ்வரி எழுந்து நின்றாள். எனக்குப் புரியட்டும் என்றோ என்னவோ, மலாயிலேயே பேசினாள்.

"உன் கோடு சரி. என்னோடது தப்பு. மூணு மாசமா நீ கொண்டாந்ததுதான் உண்மை. நான்தான் நம்பல. என்னை மன்னிச்சிடு."

திரையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். சியூ லிங் குனிந்து பார்த்தாள். டின்னைப் பார்த்தாள்.

"குன்யிட்? கறிக்குப் போடுற மஞ்சளா?" என்று சிரிக்க ஆரம்பித்தவளுக்குச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "மூணு மாசம், டாக்டர். எல்லார் முன்னாலயும் என் கை சரியில்லைன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"நான் வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட, எனக்கு மூளை பத்தலைன்னு சொன்னேன்."

மகேஸ்வரி ஒரு காரணமும் சொல்லவில்லை. அப்படியே நின்றாள். என் மனைவி பட்டம் வாங்கியதை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நின்றது மாதிரி அவள் எங்கேயும் நின்றதில்லை.

நானும் எழுந்து, "தப்பு என் மேலதாம்மா" என்றேன்.

சியூ லிங் மூக்கைத் துடைத்தாள். "அங்கிள், நீங்க சாமிக்காகப் பண்ணீங்க. டாக்டர்தான் என்னைச் சொன்னாங்க." கண்டிப்பாகத்தான் சொன்னாள். சொல்லட்டும், அதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

சியூ லிங் திரையில் இருந்த கோடுகளை மறுபடி குனிந்து பார்த்தாள்.

"எல்லாத்தையும் முதல்லேருந்து ஓட்டணும்" என்றாள் மகேஸ்வரி. "நீ இருப்பியா இல்லையான்னு நான் கேக்கல. அதை நீ முடிவு பண்ணு. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீ ஓட்டு. நான் எழுதுறேன்."

சியூ லிங் ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள். புதுத் துணி ஒன்றை எடுத்து, பிளாஸ்டர் படாமல் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் குச்சியைப் பிடித்துத் தேய்த்தாள். மகேஸ்வரி மாணவர்கள் உட்காருகிற உயரமான ஸ்டூலில் ஏறி, நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்து இத்தனை வருடத்தில் அவள் அடுத்தவர் சொல்ல எழுதியதில்லை.

"வெறும் குச்சி. புதுத் துணி" என்றாள் சியூ லிங், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "மேடு இல்லை."

மகேஸ்வரி எழுதினாள்.

சியூ லிங் எட்டிப் பார்த்தாள். "டாக்டர், கையெழுத்துக் கொஞ்சம் நல்லா எழுதுங்க லா. இதை வச்சுத்தான் நான் தீசிஸ் எழுதணும்."

மகேஸ்வரி அந்த வரியின்மேல் ஒரு கோடு அடித்துவிட்டு, கீழே மறுபடியும், குண்டு குண்டாக எழுத ஆரம்பித்தாள்.